நிற்கும் நாட்களை எண்ணுங்கள்: பிக்கப் மாற்றக் கருதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த தோட்டக்காரப் பெருமக்களே, சந்தைக்குச் சரக்கேற்றும் சிறு பாரவாகன உரிமையாளர்களே,



2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, இடையில் தேசம் கண்ட பொருளாதார வீழ்ச்சியையும் எரிபொருள் வரிசைகளையும் கடந்து, 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட நாள் முதலாக, மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் திருநெல்வேலியிலும் விடிகாலையில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் தேநீர்க்கடைக்கு ஒதுங்குகின்ற உங்களிடையே ஒரே விஷயம் திரும்பத் திரும்பப் பேசப்பட்டு வருவதை நான் கேட்டு வருகிறேன். புதிய வண்டி வராத ஐந்து ஆண்டுகளில் இருந்த வண்டிகளுக்கெல்லாம் ஐந்து வயது கூடிவிட்டது. இனியும் ஒட்டுப்போட்டு ஓட இயலாது, மாற்றியே தீரவேண்டும் என்ற நிலைக்குப் பலர் வந்துவிட்டீர்கள். மாற்றுவதென்றால் மறுபடியும் டொயோட்டா ஹைலக்ஸா, அல்லது இசுசுவா, மிற்சுபிசியா, மகிந்திராவா, டாட்டாவா, இப்போது வந்திறங்குகின்ற சீனத்து வண்டிகளில் ஒன்றா என்பது கேள்வி. அந்தக் கேள்விக்கு அடியில் கிடக்கும் பயமோ ஒன்றுதான்: கம்பனி மாறினால் வண்டி நடுவழியில் கைவிட்டுவிடுமோ என்பது.

மோட்டார் யந்திர வேலையைப் பல்லாண்டு காலம் பிள்ளைகளுக்குப் போதித்தவன் என்ற ஒரே உரிமையில், இதுபற்றி என் அபிப்பிராயத்தை உங்கள் முன் வைக்கிறேன். நீங்கள் பயப்படுவது நியாயமே. ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. எந்தக் கம்பனியின் வண்டி அடிக்கடி பழுதாகும் என்பதையே எல்லோரும் விசாரிக்கிறீர்கள். பழுதானால் அந்த வண்டி நமது குடாநாட்டில் எத்தனை நாள் நிற்கும் என்று விசாரிப்பவர் அரிது. தோட்டக்காரனுடைய வரும்படியைத் தீர்மானிப்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

முதலில் ஹைலக்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நமது பேச்சில் அது ஒரு வண்டியின் பெயராக இல்லாமல் விசுவாசத்தின் பெயராகவே ஆகிவிட்டது. 1968 ஆம் ஆண்டு யப்பானில் அறிமுகமான அந்த வண்டி உலகம் முழுவதும் பெற்ற மதிப்பு சும்மா வந்ததன்று. ஏணிபோன்ற கனத்த சசியும், பின்னால் அடுக்கடுக்கான ஸ்பிரிங் பிளேற்றுகளும், 2எல், 3எல், 5எல் என்று நீங்கள் எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்லுகின்ற அந்த மெல்ல முழங்கும் டீசல் எஞ்சின்களுமாகச் சேர்ந்து, குன்றும் குழியுமான தேசங்களிலெல்லாம் பிழைத்துக்கொள்ளக்கூடிய ஒரு யந்திரமாக அது உழைத்துக் காட்டியது. அந்த எஞ்சின்களில் நொசில் திறப்பதற்குத் தேவைப்பட்ட அழுத்தம் 150 பார் அளவே. டீசலில் சற்றுத் தூசியோ ஈரமோ கலந்திருந்தாலும் அவை பொறுத்துக்கொண்டன. ரைமிங் பெல்ற்றை உரிய காலத்தில் மாற்றி, எண்ணெயை ஒழுங்காக ஊற்றி வந்தவர்களுக்கு அவை வஞ்சகம் செய்யவில்லை.

ஆனால் 2004 ஆம் ஆண்டு வந்த தலைமுறையிலிருந்து அதே பெயருக்கு உள்ளே வேறொரு யந்திரம் வந்து அமர்ந்துவிட்டது என்பதை எத்தனை பேர் கருத்தில் எடுத்திருக்கிறீர்கள்? பொதுக்குழாயில் டீசலை 1,600 பார், 2,000 பார் என்ற அழுத்தத்தில் தேக்கி, கணினி சொல்லும் நொடியில் மின்சாரத்தால் திறக்கும் இன்ஜெக்டர்கள் அதில் உள்ளன. பலம் கூடியது, எரிபொருள் மிச்சமானது, புகை குறைந்தது, எல்லாம் உண்மை. ஆனால் மைக்கிரோன் கணக்கில் இடைவெளி வைத்துச் செய்யப்பட்ட அந்த இன்ஜெக்டருக்கு, பழைய நொசில் மன்னித்த அழுக்கை மன்னிக்கும் சுபாவம் இல்லை. அந்தத் தலைமுறையின் 1கேடி எஞ்சினில், இன்ஜெக்டரின் அடியில் இருக்கும் சிறு செப்பு வளையம் கசியத் தொடங்கி, எரிந்த கரி எஞ்சின் எண்ணெயோடு கலந்து, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயிலுள்ள வடியை அடைத்து, சொந்தக்காரருக்குத் தெரியாமலே எஞ்சின் எண்ணெயின்றி உராய்ந்து அழிந்த சம்பவங்கள் பல தேசங்களில் நிகழ்ந்தன. நாணயத்தை விடச் சிறிய ஒரு செப்பு வளையத்துக்காக முழு எஞ்சினையே இழந்தார்கள். அந்த வளையத்தைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும் என்று அறிந்திருந்த மெக்கானிக் அருகில் இருந்தவர்களுக்கு அந்த நட்டம் நேரவில்லை.

இன்னும் அண்மையில், அவுஸ்திரேலியாவில் 2015 க்கும் 2020 க்கும் இடையில் விற்கப்பட்ட ஹைலக்ஸ், போர்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவற்றின் புகைவடிகட்டி அமைப்புக் குறைபாடுடையது என்று அந்நாட்டுச் சமஷ்டி நீதிமன்றம் 2022 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் அதே கம்பனியின் பிக்கப்களிலும் பெரிய ஜீப்புகளிலுமாக ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளின் சசி கறள் பிடித்துத் தின்னப்பட்ட வழக்கு, 340 கோடி டொலர் வரை பெறுமதியான இணக்கமாக 2016 ஆம் ஆண்டு முடிந்தது. டொயோட்டாவைத் தூற்றுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. என் மதிப்பில் அந்தக் கம்பனி இன்றும் முதல் வரிசையிலேயே நிற்கிறது. ஆயினும், முகப்பிலுள்ள இலச்சினை ஒரு யந்திரத்தின் குணத்துக்கு நிரந்தரப் பிணை நிற்காது என்பதும், ஒவ்வொரு தலைமுறையையும் அதன் எஞ்சினையும் தனித்தனியாகவே பரீட்சிக்க வேண்டும் என்பதும் இவற்றால் பிரத்தியட்சமாகின்றன.

மறுபுறமும் ஒன்று உண்டு. இலச்சினை வேறாக இருந்தும் உள்ளே யந்திரம் ஒன்றாகவே இருப்பது வாகன உலகில் சர்வசாதாரணம். மஸ்டா பீரி-50 என்ற பிக்கப் 2006 இலிருந்து ஃபோர்ட் றேஞ்சரின் உடன்பிறப்பாக இருந்தது. 2020 இல் வந்த அதன் புதிய தலைமுறையோ இசுசு டீமக்ஸின் சசியும் எஞ்சினும் கொண்டு, இசுசுவின் தாய்லாந்துத் தொழிற்சாலையிலேயே உருவாகிறது. மிற்சுபிசியின் பிக்கப் சில காலம் ஃபியற் என்ற இத்தாலியப் பெயரிலும், நிசான் நவாரா மேர்சிடிஸ் பென்ஸ் என்ற பெரிய பெயரிலும் விற்கப்பட்டன. மிற்சுபிசியின் 4டி56 எஞ்சினைத்தான் ஹியுண்டாயும் தன் வண்டிகளில் வேறு பெயரில் பூட்டியது. சீனத்து ஃபோட்டன் கம்பனியின் ருன்லான்ட் பிக்கப் அமெரிக்கக் கம்மின்ஸ் எஞ்சினோடு வந்தது. ஆகவே 2019 ஆம் ஆண்டு மஸ்டாவை விற்று 2021 ஆம் ஆண்டு மஸ்டாவை வாங்குபவர் உண்மையில் கம்பனி மாறிவிடுகிறார். இசுசுவிலிருந்து புதிய மஸ்டாவுக்குப் போகிறவரோ மாறவே இல்லை. எஞ்சினின் எண் என்ன, கியர் பொக்ஸ் யாருடையது, அதே பாகங்கள் வேறு எந்த வண்டியில் இருக்கின்றன என்று கேட்கத் தெரிந்தவருக்குக் கம்பனி மாற்றம் என்ற பயத்தில் பாதி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

இனி நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வண்டி ஆண்டுக்கு இரண்டு முறை பழுதாகிறது என்றும், ஒவ்வொரு முறையும் காலையில் கராச்சுக்குப் போய் மாலையில் திரும்பிவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மற்றொன்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் பழுதாகிறது. ஆனால் அதற்குரிய பாகம் கொழும்பிலும் இல்லாமல் கடல்கடந்து வரவேண்டியிருப்பதால் மூன்று வாரம் நிற்கிறது. இரண்டு ஆண்டுக் கணக்கில் முதல் வண்டி நின்றது நான்கு நாள். இரண்டாவது இருபத்தொரு நாள். ஆய்வாளர்கள் தயாரிக்கும் நம்பகப் பட்டியலில் இரண்டாவது வண்டிதான் மேலே இருக்கும், ஏனெனில் அப்பட்டியல்கள் பெரும்பாலும் எண்ணுவது பழுதுகளை. நீர்வேலித் தோட்டத்தில் வாழைக்குலையை வெட்டி வைத்துவிட்டு வண்டியை எதிர்பார்த்து நிற்பவருக்கு அந்தப் பட்டியலால் என்ன பிரயோசனம்? தக்காளியும் வாழையும் பீற்றூட்டும் உதிரிப்பாகம் வரும்வரை பொறுத்திருக்கமாட்டா. வாடகை வண்டி பிடித்தால் லாபம் வாடகையோடு போய்விடுகிறது. பிடிக்காவிட்டால் சரக்கே போய்விடுகிறது. இரண்டுக்கும் இடையில் லீசிங் கம்பனியின் மாதக் கட்டுக்காசு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கம்பனியின் புத்தம்புதிய பிக்கப்பை வாங்கி, எஞ்சினிலோ கியரிலோ ஒரு குறையும் இல்லாமல், விரல் நுனியளவான ஒரு சென்சர் செயலிழந்ததால் மாரிகாலம் முழுவதும் அதைக் கொட்டிலில் நிறுத்திவைத்திருந்ததைக் கண்டேன். வண்டி நல்ல வண்டிதான்; அதை உருவாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள்தான்; அந்தச் சென்சர் மட்டும் இந்தத் தீவில் எவரிடமும் இருக்கவில்லை. அதே மாரிகாலத்தில் அயலிலுள்ள முதியவர் ஒருவருடைய, என்னைவிடச் சற்றே இளையதான பழைய வண்டியின் கிளச் பிளேற் தேய்ந்தது. காலையில் பணம் அனுப்பி, மறுநாள் காலை கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து பேருந்தில் பாகம் வந்து, அன்று பின்னேரமே பூட்டி ஓடினார்கள். பஞ்சிகாவத்தையின் ஒடுங்கிய கடைகளில் தொங்குகின்ற பாகங்கள்தாம் இந்தத் தேசத்தில் ஒரு வண்டியின் உண்மையான உத்தரவாதப் பத்திரம். ஒரு வண்டியை வாங்குமுன் அங்கே ஒருவரை அனுப்பி, அதன் கிளச் பிளேற், வோட்டர் பம்ப், முன்சில்லு பெயாறிங், ஒல்ரனேற்றர், இன்ஜெக்டர் ஆகிய ஐந்தையும் விலை கேட்டு வரச்செய்யுங்கள். ஐந்துக்கும் விலை சொல்லுகின்றார்களா, அல்லது ‘ஓடர் எடுத்துத்தான் தரலாம்’ என்கின்றார்களா என்பதில் விஷயம் வெளித்துவிடும்.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டு, பெற்றோலும் டீசலும் பற்றறியும் வாகன உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வராமல் தடுக்கப்பட்ட காலத்தில், இங்கே மனிதரையும் பொருளையும் சுமந்தவை எவை என்று உங்களில் முதியோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற, உலகம் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்ட பிரித்தானிய வண்டிகள், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்த பின் மண்ணெண்ணெயில் ஓடின. அது மந்திரமன்று, யந்திர தர்மம். அந்த எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு. தரம் குறைந்த எரிபொருளை அவை தட்டுச் சத்தமின்றி எரித்தன. அழுத்தம் கூடிய பிற்கால எஞ்சின்களால் அது இயலவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது, ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது, எண்ணெயும் கிடைக்கவில்லை. தேய்ந்த பிஸ்ரன் றிங்கையும் தேய்ந்த புஷ்சையும் கடைசல் பட்டறைகளில் கடைந்தெடுத்தே நமது மெக்கானிக்மார் அந்த வண்டிகளை ஓடவைத்தார்கள். அவர்களில் பலருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை என்பது எனக்கு இன்றும் மனவருத்தம் தரும் விஷயம்.

ஆனால் அந்தக் காலத்திலிருந்து சிலர் எடுக்கும் பாடம் எனக்கு உடன்பாடானதன்று. ‘பழைய வண்டிதான் வண்டி, கணினி வைத்ததெல்லாம் குப்பை’ என்று கூறி, நாற்பது வயதான பிக்கப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களைக் காண்கிறேன். அது தடைக்காலத்துத் தபசு. அமைதிக்காலத்து வியாபாரத்துக்கு அது பொருந்தாது. பழைய வண்டி குடிக்கும் டீசலும், தேய்ந்த பிறேக்கோடு ஏ-9 வீதியில் தம்புள்ளைக்கும் திரும்பியும் பாரம் ஏற்றிச் செல்வதில் உள்ள உயிராபத்தும் கணக்கில் வரவேண்டியவை. முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்படும் சாரதிக்குப் பிள்ளையார் துணையிருப்பார். பிறேக் சிலிண்டரும் சரியாயிருக்கட்டும். அந்தக் காலம் நமக்குக் கற்பித்தது பழமையைப் போற்றுவதை அன்று; திருத்தக்கூடியதே நிலைக்கும் என்பதை. இன்றைய புதிய வண்டியையும் அதே கேள்வியால் அளக்கலாம்: இதன் கணினியை வாசிக்கும் ஸ்கானர் யாழ்ப்பாணத்தில் எத்தனை கராச்சில் இருக்கிறது, அதை விளங்கிக்கொள்ளும் இளைஞர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நமது மண்ணும் நீரும் வண்டிக்குச் செய்வதை எந்தக் கம்பனியின் விளம்பரமும் சொல்லாது. நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தோண்டிய கிணறுகளின் நீர் கேத்தலின் உட்புறத்தில் வெள்ளைப் படையாகப் படிவதை உங்கள் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் காண்கிறார்கள். அதே நீரை வாளியில் அள்ளி றேடியேற்றருக்குள் ஊற்றுகிறீர்கள். பழைய வண்டியின் அகன்ற செப்புக் குழாய்களை வெல்டிங் கடையில் கழற்றிக் கம்பி விட்டுத் துப்புரவாக்க முடிந்தது. இப்போதைய அலுமினியக் குழாய்களோ நெல்மணி நுழையாத ஒடுக்கம் உடையவை, பிளாஸ்ரிக் மூடியோடு நசுக்கிப் பூட்டப்பட்டவை. அடைத்தால் மாற்றத்தான் வேண்டும். புதிய கம்பனிக்கு மாறி ஒரு வருடத்தில் ‘எஞ்சின் சூடேறுகிறது, வண்டி சரியில்லை’ என்று கூறுகிறவர்களில் எத்தனை பேருடைய வண்டியைக் கெடுத்தது கம்பனி, எத்தனை பேருடையதைக் கெடுத்தது கிணற்று நீர் என்பதை ஆராய்ந்தால் உண்மை துலங்கும். கூலன்ற் ஊற்றுங்கள், இயலாதபோது சுத்தமாகப் பிடித்த மழைநீரையாவது ஊற்றுங்கள்.

கடலுப்பைப் பற்றியும் ஒரு சொல். பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைப் பாலத்திலும் வாடைக்காற்று வீசும் நாட்களில் கண்ணாடியில் படியும் அந்த மெல்லிய ஈரம் சசியிலும் படிகிறது. பாவித்த வண்டி வாங்குவதாயின் அது மீன் ஏற்றியதா என்று முதலில் விசாரியுங்கள்; மயிலிட்டியிலிருந்தோ குருநகரிலிருந்தோ ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியில், உருகிய உப்புநீர் பெட்டியின் அடிப்பலகை வழியாக இறங்கி, பின்சில்லுக்கு மேலே சசி வளைகின்ற இடத்தில் தேங்கி, உள்ளிருந்தே அதைத் தின்றிருக்கும். வெளியே புதிய கறுப்புப் பெயின்ற் பளபளக்கும். சிறு சுத்தியல் ஒன்றை எடுத்துச் சசியின் நீளத்துக்கு மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். கறள் தின்ற இடத்தில் அந்தக் குரல் அடங்கிச் சொத்தென்று ஒலிக்கும். அந்தச் சத்தம் கேட்ட வண்டியை, அது எந்தக் கம்பனியானாலும், என்ன விலையானாலும், விட்டுவிடுங்கள்.

இந்திய வண்டிகளைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள இளக்காரம் நியாயமற்றது என்பது என் எண்ணம். 2005 ஆம் ஆண்டு இந்தியாவில் டாட்டா ஏஸ் என்று அறிமுகமாகி, இங்கே டிமோ பட்டா என்ற பெயரில் வந்து, இன்று வெறுமனே ‘பட்டா’ என்றால் எல்லோருக்கும் விளங்குமளவுக்கு நமது ஒழுங்கைகளில் நிறைந்துவிட்ட அந்தச் சிறு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த வண்டியின் எஞ்சின் இரண்டு சிலிண்டர், 702 சீசீ, 16 குதிரைவலு. ஏற்றத்தக்க பாரம் 750 கிலோ, அதாவது ஏறத்தாழ 15 அந்தர். அதில் 30 அந்தர் வெங்காயத்தை ஏற்றி, மேலே இருவரை இருத்தி, ‘பட்டா தாங்காது’ என்று குறைகூறுவது அந்த யந்திரத்துக்கு நாம் இழைக்கும் அநீதி. இடைக்காட்டிலிருந்தோ புன்னாலைக்கட்டுவனிலிருந்தோ சந்தைக்கு நாளாந்தம் 10 அந்தர் கொண்டுபோகிறவருக்குப் பட்டாவே போதும். அதன் பாகமும் அதைத் திருத்தும் கையும் ஊருக்கு ஊர் உண்டு. பாரம் அதைவிடக் கூடியவருக்கு மகிந்திரா பொலேரோ போன்ற ஒன்று. தம்புள்ளைக்கு ஒழுங்காக ஓடுகிறவருக்கு அதனிலும் பெரிய இசுசுவோ கன்ரரோ. டபுள் கப் பிக்கப் இந்த வேலைகளில் எதற்கும் முதற்தெரிவன்று. நாலு கதவுக்கு இடம் விட்டதில் அதன் பெட்டி குறுகிவிட்டது. கோடி ரூபாயைத் தாண்டிய விலையில் பெரும்பகுதி சொகுசுக்குப் போகிறது.

‘விற்கும்போது விலை போகுமே’ என்ற வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. வங்கியில் வைத்த பணத்தைவிட ஹைலக்ஸில் வைத்த பணம் பத்திரமாயிருந்தது என்று கூறும் குடும்பங்கள் உண்டு; அவர்கள் சொல்வது உண்மையே. இறக்குமதி மூடியிருந்த ஐந்து ஆண்டுகளில் பாவித்த வண்டியை வாங்கிய விலைக்கு மேலாகவும் விற்க முடிந்தது. ஆனால் அது கதவு சாத்தியிருந்த காலத்து விலை. கதவு திறந்திருக்கும் காலத்திலும் அவ்வாறே இருக்கும் என்று நம்பி, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை அனுப்பும் பணத்தை முற்பணமாக வைத்து, மீதிக்கு லீசிங் எடுப்பது துணிகரம். மறுவிற்பனை விலை நாளைக்கு ஒரு நாள் வருவது. கட்டுக்காசு மாதம் தவறாமல் வருவது. பெயர்பெற்ற வண்டியின் மேலதிக விலைக்குக் கட்டும் வட்டியை ஐந்து வருடத்துக்குக் கூட்டிப்பார்த்து, அதை மறுவிற்பனையில் கிடைக்கக்கூடிய மேலதிகத்தோடு ஒப்பிட்ட பின் தீர்மானியுங்கள்.

சீனத்து வண்டிகளைப் பற்றி முடிந்த முடிபாகத் தீர்ப்புக் கூறமாட்டேன். யந்திர நுட்பத்தில் அவர்கள் பின்தங்கியவர்கள் என்ற காலம் போய்விட்டது. என் சந்தேகம் யந்திரத்தைப் பற்றியதன்று, முகவரைப் பற்றியது. ஒரு கம்பனியின் முகவர் உரிமை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாறும்போது, முன்னவர் விற்ற வண்டிக்குப் பின்னவர் பாகம் வைத்திருப்பாரா என்பதைக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். மூன்று ஆண்டு உத்தரவாதம் என்றால், அந்த வேலை யாழ்ப்பாணத்தில் செய்யப்படுமா அல்லது கொழும்புக்கு 400 கிலோமீற்றர் கொண்டுபோக வேண்டுமா, கொண்டுபோகும் செலவு யாருடையது என்பதையும் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்ன உறுதி அந்த விற்பனையாளர் வேறு வேலைக்குப் போகும் வரைக்குந்தான்.

இவ்வளவும் தனித்தனியாக நீங்கள் செய்யக்கூடியவை. எல்லாவற்றிலும் பெரிய காரியம் சேர்ந்துதான் செய்ய இயலும். இந்த மடலை ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதியதன் காரணம் அதுவே. ஒரு கிராமத்தில் பத்துப் பேர் பத்துக் கம்பனியின் வண்டிகளை வாங்கினால், பத்துக்கும் பாகம் வைத்திருக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. பத்தையும் ஆழமாக அறிந்திருக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது. அதே பத்துப் பேர் கூடிப்பேசி, ஒரே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த வண்டிகளை வாங்கினால், விலையிலும் பேரம் பேசலாம். கிளச் பிளேற், வடிகட்டி, வோட்டர் பம்ப், இன்ஜெக்டர் என்று ஒவ்வொன்றில் ஒரு சோடி வாங்கிச் சங்கத்தின் அலுமாரியில் வைக்கலாம். ஊர் இளைஞர் ஒருவரை அந்த வண்டியின் பயிற்சிக்கு அனுப்பும்படி முகவரிடம் நிபந்தனையும் விதிக்கலாம். பத்து வண்டி விற்கும் முகவர் அந்த நிபந்தனைக்கு இணங்குவார். ஒரு வண்டி விற்பவர் இணங்கமாட்டார். 1930 களிலேயே கூட்டுறவாக மூளாயில் ஒரு வைத்தியசாலையை எழுப்பி நடத்திக் காட்டிய சமூகத்துக்கு, ஓர் அலுமாரி நிறைய உதிரிப்பாகம் வைத்திருப்பது எட்டாத காரியமாகுமா? எந்தக் கம்பனி என்பதில் உங்களுக்குள் பிணக்கு வரும் என்பதை அறிவேன். அந்தப் பிணக்கை வண்டி வாங்க முன்பே சங்க மண்டபத்தில் பட்டுத் தீர்த்துக்கொள்வது நன்று. என் தெரிவைக் கேட்டால், நாலைந்து ஆண்டாக இங்கே ஓடி, நமது மெக்கானிக்மாரின் கையில் பலமுறை கழன்று பூட்டப்பட்ட எஞ்சின் எதுவோ, அதையே சொல்வேன். அது யப்பானியதா இந்தியதா என்று பார்க்கமாட்டேன்.

அந்தக் கூட்டத்துக்கு மெக்கானிக்மாரையும் அழையுங்கள். இதுவரை அவர்களை வண்டி பழுதான பிறகுதான் தேடிப்போயிருக்கிறோம்; வாங்குவதற்கு முன் எவரும் அவர்களிடம் கேட்பதில்லை. எந்த வண்டியின் எந்த நட்டு இறுகிக் கழல மறுக்கும், எந்த வயர் எலி கடிக்கும் இடத்தில் ஓடுகிறது, எந்தப் பாகத்துக்குப் பிறிதொரு வண்டியின் பாகம் பொருந்தும் என்பது விற்பனை மண்டபத்தில் கழுத்துப்பட்டி கட்டி நிற்பவருக்குத் தெரியாது. கொட்டிலுக்குள் வண்டியின் கீழே முதுகில் படுத்துக் கிடப்பவருக்குத் தெரியும். ஒரு நாள் கூலியை அவருக்குக் கொடுத்து, வண்டி பார்க்கப் போகும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள். பொனற்றைத் திறந்து அவர் பார்த்து முடியும்வரை லீசிங் பத்திரத்தில் கையொப்பம் இடாதீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்,
ஓய்வுபெற்ற மோட்டார் யந்திரப் போதனாசிரியன்
யாழ்ப்பாணம்